பட்டுக்கயிறும் தாம்புக்கயிறும்

சிரிக்கிறது ஒண்ணும் பாவமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் படத்தைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வாடகை அறைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, எங்கள் வாசிப்பு வட்டத்துத் தோழர்கள் பதினோரு பேர் சேர்ந்து பார்த்தோம். ஆறு கொலை நடக்கிறது. ஆறுக்கும் சிரித்தோம். படம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: "தோழர், கொலைகாரனுக்காக நாம ஏன் இவ்வளவு சந்தோஷப்பட்டோம்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

படம் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்'. 1949இல் லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் எடுத்தது. இயக்கியவர் ராபர்ட் ஹேமர். கதை நடக்கிற காலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். தலைப்பை டென்னிசன் கவிதை ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அன்பான நெஞ்சங்களும் பிரபுக்களின் கிரீடங்களும் என்று பொருள் சொல்லலாம். படத்தில் கிரீடம் நிறைய இருக்கிறது. அன்பான நெஞ்சத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். சால்ஃபாண்ட் டியூக் என்ற பெரிய பிரபுவின் மகள் ஒரு இத்தாலியப் பாடகனைக் காதலித்து ஓடிப்போய்விடுகிறாள். குடும்பம் தலைமுழுகிவிடுகிறது. குழந்தை பிறந்த அன்றே புருஷன் செத்துப்போகிறான். அவள் வீட்டில் ஆள் குடிவைத்து, அந்த வாடகையில் மகன் லூயியை வளர்க்கிறாள். தினம் தினம் அவனுக்குப் பாலோடு சேர்த்துக் குலப்பெருமையையும் புகட்டுகிறாள். இந்தப் பிரபு பட்டம் பெண்வழியாகவும் வரலாம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னன் சலுகை கொடுத்திருக்கிறானாம். ஆகவே நடுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் செத்தால் லூயியும் டியூக் ஆகலாம். மகனுக்கு ஒரு வேலை கேட்டு, வங்கி நடத்துகிற சொந்தக்காரனுக்கு அவள் கடிதம் எழுதுகிறாள். உன்னை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவளாகவே நாங்கள் நினைக்கவில்லை என்று பதில் வருகிறது. லூயி துணிக்கடையில் வேலைக்குப் போகிறான். அம்மா விபத்தில் சாகிறாள். குடும்பக் கல்லறையில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. அதற்கும் மறுத்துவிடுகிறார்கள்.

அந்த இடத்தில் எங்கள் அறையில் ஒரு சத்தமும் இல்லை. அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த பதினோரு பேரும் கப்சிப். ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்கவில்லை. ஏன் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில் என்ன நடந்தது? சுடுகாட்டுக்குப் போகிற வழியில் நிலம் வைத்திருந்தவர்கள் விடாததால், பிணத்தைப் பாலத்து மேலிருந்து கயிறு கட்டி ஆற்றங்கரையில் இறக்கினார்கள். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. எங்க ஆயா செத்தபோது கயிறு கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நடவு முடிந்த வயலுக்குள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓடைக்குள் இடுப்பளவு தண்ணியில எங்க அப்பாவும் சித்தப்பாவும் பாடையைத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போனாங்க. நான் கொள்ளிச்சட்டி அணையாமல் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்குப் பதிமூணு வயசு.

அதனால் லூயி அம்மாவின் குழிமேட்டில் நின்று பழிவாங்குவேன் என்று சபதம் செய்கிறபோது, நாங்கள் அவன் பக்கம் போய்விட்டோம். நியாயமாகத்தான் போனோம். கலப்புமணம் செய்த பெண், ஒதுக்கப்பட்ட பிள்ளை, மறுக்கப்பட்ட குழி. இந்த மூன்றும் எந்த ஊர்க்காரனுக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும்.

அப்புறம் லூயி கொல்ல ஆரம்பிக்கிறான். இங்கேதான் இந்தப் படத்தின் பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சாக வேண்டிய எட்டுப் பேரையும் அலெக் கின்னஸ் என்ற ஒரே நடிகர் நடித்திருக்கிறார். வங்கிக்காரன் ஒருத்தன். அவன் மகன், ஊதாரி, ஒருத்தன். போட்டோப் பைத்தியம் ஒருத்தன். பாதிரி ஒருத்தர். தரைப்படை ஜெனரல் ஒருத்தர். கப்பற்படை அட்மிரல் ஒருத்தர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போய்வருகிற லேடி அகதா. கடைசியாக டியூக். பலரும் இதை ஒரு நடிகரின் வித்தையாக மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு இது வித்தையாகத் தெரியவில்லை. நிலம், வங்கி, கோயில், ராணுவம், கப்பல், எல்லா இடத்திலும் ஒரே முகம் உட்கார்ந்திருக்கிறது. உடுப்புதான் வேறே. சர்ச்சில் சாவுப் பிரார்த்தனைக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஒரு காட்சி வருகிறது. ஒரே மூக்கு, ஒரே கண். நம்ம ஊர் அலுவலகச் சுவர்களில் வரிசையாக மாட்டியிருக்கிற முன்னாள் தலைவர்களின் படங்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் அர்த்தம் உடனே விளங்கும். மெரிட், தகுதி, திறமை என்று பேசுகிறவர்களை உட்காரவைத்து இந்த ஒரு காட்சியைக் காட்டலாம்.

இது வரைக்கும் படம் நம்ம படம். இதுக்கு மேலேதான் எனக்குச் சண்டை.

லூயி ஒரு குடும்ப மரப்படம் வைத்திருக்கிறான். ஒவ்வொருத்தரும் செத்ததும் அந்தப் பெயரை அடிக்கிறான். மரத்தில் பெயர் இருந்தால்தான் சாவு கணக்கில் வரும். பெயர் இல்லாதவர்கள்? முதல் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கடையில் தன்னை அவமானப்படுத்தி வேலையை விட்டுத் துரத்திய அந்த ஊதாரி ஒரு பெண்ணோடு ஆற்றில் படகில் இருக்கிறான். லூயி படகை அவிழ்த்துவிடுகிறான். அது அணையில் போய் விழுகிறது. இரண்டு பேரும் சாகிறார்கள். மரத்தில் ஒரு பெயர்தான் அடிபடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. அவளுக்காக லூயி கொஞ்சம் வருத்தப்படுகிறான். உடனே, அவனோடு தங்கினபோதே சாவைவிட மோசமானது அவளுக்கு நடந்து முடிந்திருக்கும் என்று ஒரு ஜோக் அடித்து ஆறுதல் அடைகிறான். அறையில் ஆண்கள் சிரித்தார்கள். நானும்தான். அந்த மாணவி சிரிக்கவில்லை. மேட்டுக்குடிக்காரனைக் கிண்டல் பண்ணுகிற கதையில்கூட, ஒரு பெண்ணின் 'கற்பு' மேலே ஏறி நின்றுதான் ஜோக் அடிக்க வேண்டியிருக்கிறது.

பாதிரியை விஷம் வைத்துக் கொல்லப் போகும்போது லூயி மாடபேலேலாந்தின் பிஷப்பாக வேஷம் போடுகிறான். மாடபேலேலாந்து எது? இன்றைய ஜிம்பாப்வேயின் ஒரு பகுதி. அங்கே வாழ்ந்த இந்தெபெலே மக்களை 1893இல் செசில் ரோட்ஸின் கம்பெனிப் படை மாக்சிம் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி நிலத்தைப் பிடித்தது. 1896இல் அவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். அதையும் அடக்கினார்கள். படத்தில் அந்த நாடு ஒரு தொப்பி, ஒரு அங்கி, கொஞ்சம் சிரிப்பு. அவ்வளவுதான். ஒதுக்கப்பட்டவனான லூயிக்கு, தன்னைவிட ஒதுக்கப்பட்டவர்களின் நாடு வேஷத்துக்குத்தான் உதவுகிறது.

டியூக்கைக் கொல்கிற விதம் இன்னும் கவனிக்க வேண்டியது. டியூக் தன் காட்டில் இரும்புப் பொறி வைத்திருக்கிறான். மிருகத்துக்கு அல்ல, மனுசனுக்கு. திருட்டு வேட்டைக்கு வருகிற ஏழைகளின் காலைப் பிடிக்கிறதுக்கு. இங்கிலாந்தில் இந்தப் பொறிகளை 1827லேயே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். டியூக்குக்கு அதெல்லாம் கிடையாது போலிருக்கிறது. லூயி அவனை அந்தப் பொறியிலேயே சிக்கவைத்து, எதற்காகக் கொல்கிறேன் என்று சாவகாசமாக விளக்கிவிட்டுச் சுடுகிறான். ஆண்டைக்கு அவன் வைத்த பொறியே எமன் ஆனதைப் பார்த்து நாங்கள் கை தட்டினோம். படம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. லூயி அந்தப் பொறியைப் பயன்படுத்தினானே தவிர அதை எடுத்துத் தூரப்போட்டானா? காடு இப்போது அவனுக்கு. பொறியும் அவனுக்கு. வேட்டைக்கு வருகிறவனின் காலுக்கு டியூக் மாறினது தெரியுமா?

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். லூயியின் கோபம் உண்மையானது. ஆனால் அவன் கேட்பது என்ன? 'இரத்தத்தில் உயர்வு தாழ்வு கிடையாது' என்று அவன் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. 'எனக்கும் அந்த இரத்தம்தானே ஓடுது, எனக்கேன் மறுத்தே?' என்றுதான் கேட்கிறான். குடும்பக் கல்லறையை இடிக்க அவன் வரவில்லை. அதன் சாவி கேட்டு வந்திருக்கிறான். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, அதன் சூட்சுமம் இதுதான். தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிற வரைக்கும் எவனும் ஏணியை உடைக்க வரமாட்டான். மேலே இருக்கிறவனைக் காலைப் பிடித்து இழுப்பான், இழுத்த இடத்தில் தான் ஏறி நிற்பான். மேல்சாதியைப் பார்த்துப் பூணூல் போட்டுக்கொண்ட இடைச்சாதிகளின் கதையை எம்.என். சீனிவாஸ் சமஸ்கிருதமயமாதல் என்று எழுதினார். லூயிக்குக் கொஞ்சம் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏணியின் அடிக்கட்டையில் நிற்கிறவனைப் படம் முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறது. தூக்குப் போடுகிற தொழிலாளி. படம் சிறையில்தான் ஆரம்பிக்கிறது. விடிந்தால் டியூக் லூயியைத் தூக்கில் போட வேண்டும். அந்த மனுசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டியூக்! எப்படிக் கும்பிடுவது, எப்படி அழைப்பது என்று ஒத்திகை பார்க்கிறான். பிரபுக்களுக்குச் சாதாரணக் கயிறு கிடையாதாம், பட்டுக்கயிறாம். அதைத் தொட்ட கையால் இனிமேல் சாதாரணக் கயிற்றைத் தொடமாட்டேன், ஓய்வு பெறப் போகிறேன் என்கிறான். 1760இல் தன் எஸ்டேட் காரியஸ்தரைச் சுட்டுக்கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஃபெரர்ஸ் பிரபுவைப் பட்டுக்கயிற்றில் தொங்கவிட்டதாக ஒரு கதை உண்டு. நிஜமா பொய்யா என்பது அல்ல முக்கியம். சாகும்போதுகூட உசந்த சாவு தாழ்ந்த சாவு இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் ஆசைப்பட்டிருக்கிறது. அதையும் சாகடிக்கிறவனே பெருமையாகச் சொல்கிறான். யாரும் தொடத் தயங்குகிற தொழில் செய்கிறவன், அந்தத் தொழிலுக்குள்ளேயே ஒரு மேல்படி கிடைத்ததும் பூரித்துப்போகிறான். அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. எங்க ஊரில் பண்ணையார் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்கப் போனதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரியப்பா ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். "சின்ன வீட்டு எழவுக்கெல்லாம் நான் போறதில்லடா" என்பார்.

லூயி மாட்டிக்கொள்வதும் ஒரு வேடிக்கை. செய்த ஆறு கொலைக்கும் பிடிபடவில்லை. அட்மிரல் தன் பிடிவாதத்தால் கப்பலோடு மூழ்குகிறார், வங்கிக்காரர் தனக்கு டியூக் பட்டம் வந்த அதிர்ச்சியில் சாகிறார். கடைசியில் செய்யாத கொலைக்கு, காதலி சிபெல்லாவின் புருஷன் தற்கொலை செய்துகொண்டதற்கு, லூயி கைதாகிறான். பிரபு ஆகிவிட்டதால் அவனைச் சாதாரணக் கோர்ட்டு விசாரிக்க முடியாது. பிரபுக்கள் சபையே கூடி விசாரிக்கிறது. இது கற்பனை இல்லை. இங்கிலாந்தில் இந்த உரிமை 1948 வரைக்கும் சட்டத்தில் இருந்தது. 1935இல்கூடக் கார் விபத்தில் ஒருவர் செத்த வழக்கில் ஒரு பிரபுவை அந்தச் சபைதான் விசாரித்து விடுதலை செய்தது. ஒரே குற்றத்துக்கு வருணத்துக்கு ஒரு தண்டனை என்று மனு எழுதியதைச் சொன்னால், 'அதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். உலகத்துக்கே சட்டம் சொல்லிக்கொடுத்ததாகப் பெருமை பேசுகிற நாட்டில் அது எந்தக் காலம் வரைக்கும் இருந்தது பாருங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் பாதிதான். இந்தப் படத்துக்கு மூலம் ராய் ஹார்னிமன் 1907இல் எழுதிய 'இஸ்ரேல் ராங்க்' என்ற நாவல். அதில் கொலைகாரனின் தகப்பன் யூதர். படத்தில் அவரை இத்தாலியராக மாற்றிவிட்டார்கள். யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்ற போர் முடிந்து நாலு வருசம்தான் ஆகியிருந்தது. ஸ்டுடியோவின் தலைவர் மைக்கேல் பால்கனும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதனைக் கொலைகாரனாகக் காட்டி இன்னொரு இழிவைச் சேர்க்க வேண்டாம் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. மாற்றியது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் என்ன தொலைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெறுப்புக்கு இருந்த பெயர் தொலைந்தது. இத்தாலியப் பாடகன் என்றதும் அது வெறும் அந்தஸ்துத் தகராறு ஆகிவிட்டது. நம்ம சினிமாவில் சாதி மாறிய காதலை 'ஏழை, பணக்காரன்' காதலாக்கிப் பாட்டு வைத்துவிடுகிறார்களே, அந்த மாதிரி.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நாம் ஏன் சந்தோஷப்பட்டோம்? அன்று ராத்திரி நான் பெரிய மனுசன் மாதிரி, "தோழர், அவன் ஏணியை உடைக்கல, ஏறுனான். அதனால அவன் நம்மாளு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் விடவில்லை. "ஏறுறது தப்பா? நீங்க எம்.ஏ. படிச்சது ஏறுறது இல்லையா? எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போயி என்னப் படிக்க வைக்கிறது எதுக்கு? கீழயே கெடந்து புரட்சி பண்ணவா?" என்றாள். வாயடைத்துப்போனேன்.

அவள் கேட்டது சரி. மேலே உட்கார்ந்திருக்கிறவன் 'ஏறாதே, உடை' என்று உபதேசம் பண்ணுவதும் ஒருவகைத் திமிர்தான். படிப்பு, வேலை, நல்ல சட்டை, சிமெண்டு வீடு எல்லாம் நம்ம உரிமை. அதற்கு யாரிடமும் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஏறும்போது எதை விட்டுவிட்டு ஏறுகிறோம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. என் கணக்கைச் சொல்கிறேன். எம்.ஏ. படிக்கும்போது தங்க அறை தேடினேன். வீட்டுக்காரம்மா ஊர் கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளயா?" என்றார். "ஆமா" என்றேன். ரெண்டு வருசம் அந்தப் பொய்யில் குடியிருந்தேன். அப்பா பார்க்க வந்தபோது பேருந்து நிலையத்திலேயே டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். அறைக்குக் கூட்டிப்போகவில்லை. "ரூம்பு சின்னதுப்பா, இன்னொருத்தன் படுத்திருக்கான்" என்றேன். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்த மனுசன், பேசாமல் பஸ் ஏறிப் போனார். லூயி ஆறு பேரைக் கொன்றான். நான் ஒருத்தரை டீக்கடையோடு அனுப்பினேன். லூயி குடும்ப மரத்தில் பெயரை அடித்த மாதிரி நானும் ஒரு பெயரை அடித்திருக்கிறேன். பெரிய பதவிக்குப் போனதும் சேரிப்பக்கம் திரும்பாத நம்ம அதிகாரிகளைப் பற்றி எழுத எனக்குக் கை துறுதுறுக்கும். இந்தப் படம் பார்த்த பிறகு கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

இந்தப் படம் வெளிவந்த அதே 1949இல், நவம்பர் 26 அன்று நம் அரசியல் சட்டம் நிறைவேறியது. வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். அதில் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அடுத்த 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. கீழே தள்ளுவதையும் மேலே தூக்குவதையும் அடுத்தடுத்து வைத்து ஒழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த பக்கம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒழிக்க முடியாது. லூயிக்கு இது தெரியாது. 18 இல்லாத 17ஐத்தான் அவன் கேட்டான். தீட்டு மட்டும் போகணும், பட்டம் மட்டும் இருக்கணும்.

கடைசிக் காட்சியில் லூயி தப்பித்துவிடுகிறான். தற்கொலைக் கடிதம் கிடைத்துவிட்டது. சிறை வாசலில் மனைவி ஒரு வண்டியில், காதலி ஒரு வண்டியில் காத்திருக்கிறார்கள். ஒரு பத்திரிகைக்காரன் ஓடிவந்து, உங்கள் சுயசரிதையை நாங்கள் வெளியிடலாமா என்று கேட்கிறான். அப்போதுதான் லூயிக்குச் சுரீர் என்கிறது. தூக்குக்கு முந்தின ராத்திரி ஒவ்வொரு கொலையையும் ரசித்து ரசித்து எழுதிய காகிதக்கட்டு சிறை அறை மேசையில் கிடக்கிறது. படம் அங்கேயே முடிகிறது. அமெரிக்காவில் காட்டிய பிரதியில் அந்தக் கட்டு அதிகாரிகள் கைக்குப் போவதையும் ஒட்டிவைத்தார்களாம். குற்றவாளி தப்பிக்கக்கூடாது என்ற ஒழுக்கக் கவலை. எனக்கு அந்த ஒட்டு வேண்டாம். ஏணி அப்படியே நிற்கும்போது லூயி ஒருத்தன் தொங்கினால் என்ன, தொங்காவிட்டால் என்ன?

இந்தப் பத்திரிகையில் நாம் நிறையத் தன்வரலாறு எழுதுகிறோம். லூயியும் தன்வரலாறுதான் எழுதினான், அழகாகவும் எழுதினான். அதில் அம்மாவுக்குக் குழி மறுத்ததும் இருக்கிறது. படகில் இருந்த பெண்ணின் பெயர் இல்லை. நாம் எழுதும்போது அந்தப் பெயரைக் கேட்டு எழுதுவோம்.

எங்க ஊர்ச் சுடுகாட்டுப் பாதை இன்னும் வரைபடத்தில் ஏறவில்லை. மூன்று மனு கொடுத்திருக்கிறோம். நாலாவது மனுவில் இந்தத் தடவை தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து எங்க அப்பாவுடையது. இரண்டாவது, பண்ணை வீட்டுச் சாவுக்கு மட்டும் பறையடித்த அந்தப் பெரியப்பாவின் கைநாட்டு.